கணிப்பொறியின் தூண்டுகுறிக்கு நிறமூட்டல்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரியை அடையும் இருப்புப்பாதை 1979-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அப்பாதையில் கேரள எல்லைக்குள் அமைந்த கடைசி நிலையம் பாறசாலை. அந்நிலையத்தின் பெயர்ப்பலகையைப் படிப்பதற்கு ஏதேனும் ஒரு மொழியில் எழுத்தறிவு வேண்டும். ஆனால் பாதையோரத்துக் கைகாட்டியில் சிவப்பு விளக்கு எரியுமாயின், வண்டியோட்டி மலையாளம் அறிந்தவராயினும், தமிழ் அறிந்தவராயினும், இரண்டும் அறியாத வடநாட்டவராயினும், வண்டியை நிறுத்தியே தீருவார். படித்துப் பொருள் கொள்வதற்கு முன்பே கண்ணில் உறைத்துவிடுவது நிறத்தின் இயல்பு.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது, பழைய திருவிதாங்கூரின் தென்கோடித் தாலுக்காக்களான விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகியன சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. எல்லை நிலத்தில் வகுக்கப்பட்டதேயன்றி நாவில் வகுக்கப்படவில்லை. பாறசாலை, காரோடு, கொல்லயில், குன்னத்துக்கால், வெள்ளறடை முதலிய ஊர்ப்பக்கங்களில் இரு மொழிகளும் இன்றும் அருகருகே வழங்குகின்றன. நிறப்பெயர்களைப் பொறுத்தவரை இவ்விரண்டிற்கும் இடையே மொழிபெயர்ப்பாளனுக்கு வேலையே இல்லை எனலாம். நாம் சிவப்பு என்பதை அவர்கள் சுவப்பு என்பர். பச்சை என்பது பச்ச. மஞ்சள் என்பது மஞ்ஞ. நீலம் என்பது நீல. கட்டளைகளும் பிழைச்செய்திகளும் ஆங்கிலத்தில் தோன்றும் ஒரு கணிப்பொறித் திரையில், இரு மொழி மாணவர்க்கும் விளக்கம் வேண்டாத குறி நிறம் ஒன்றே.

இக்கட்டுரை அத்தகைய ஒரு சிறு ஏற்பாட்டைப் பற்றியது. கேரளப் பள்ளிகளில் 2001-ஆம் ஆண்டில் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், பின்னர்ப் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளான லினக்ஸ் முறைக்கு மாறியது. 2017-இல் அத்திட்டம் கைட் எனச் சுருக்கமாக வழங்கும் அரசு நிறுவனமாயிற்று. அந்நிறுவனம் பள்ளிகளுக்கென வெளியிடும் இயங்குமுறை, உபுண்டு என்னும் லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே எல்லைக் கிராமங்களின் பள்ளி ஆய்வுக்கூடங்களிலும், படங்களும் பொத்தான்களும் நிறைந்த திரைக்குப் பின்னால், யூனிக்ஸ் மரபைச் சேர்ந்த கட்டளைச் சாளரம் ஒன்று உள்ளது. கணிப்பொறிகளைப் பேணும் ஆசிரியரும், அளவீடுகளைச் சேகரித்துப் பதியும் களப்பணியாளரும் அதனை ஒருநாள் இல்லாவிடில் ஒருநாள் திறக்க நேரிடும்.

தூண்டுகுறி என்பது யாது?

யூனிக்ஸ் இயங்குமுறை 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டெனிஸ் ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பட்டது. அதன் உட்கருவைச் சூழ்ந்து நின்று, மனிதன் தட்டச்சிடும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல், அதாவது ஓடு, என்று பெயரிட்டனர். கட்டளையை ஏற்கத் தான் ஆயத்தமாயிருப்பதை அறிவிக்க, ஷெல் திரையின் இடப்புறத்தில் ஒரு சிறு குறியை இடுகிறது. நம்மைத் தட்டச்சிடத் தூண்டுவதால் அதனைத் தூண்டுகுறி என்கிறோம்.

1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல்லில் இக்குறி மிகச் சுருக்கமானது. சாதாரணப் பயனருக்கு ஒரு டாலர் குறி. யாவற்றையும் மாற்றும் அதிகாரம் பெற்ற ரூட் என்னும் நிர்வாகிக்கு ஓர் எண்குறி, அதாவது இரு நெடுங்கோடுகளும் இரு குறுக்குக்கோடுகளும் பின்னிய குறி. வேறெதுவும் இல்லை. ஆயினும், பின்வந்த வழக்கம் முழுவதற்கும் வித்து அதுவே. தூண்டுகுறியின் வடிவத்தைப் பிஎஸ்1 என்னும் பெயருள்ள மாறியில் வைத்துப் பயனர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் வசதியும் அந்த ஷெல்லிலேயே இருந்தது. குனூ திட்டத்திற்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989-இல் வெளிவந்த பாஷ் என்னும் ஷெல் இதனை விரிவாக்கியது. இன்று லினக்ஸ் பொறிகளில் பெரும்பாலானவற்றில் நாம் காண்பது பாஷ் ஷெல்லே. அதன் வழக்கமான தூண்டுகுறி மூன்று செய்திகளைத் தருகிறது: நீர் எப்பயனராக நுழைந்திருக்கிறீர், எந்தக் கணிப்பொறியில் நிற்கிறீர், எந்த அடைவிற்குள் நிற்கிறீர் என்பன.

இம்மூன்றும் வெறும் அலங்காரச் செய்திகள் அல்ல. யூனிக்ஸில் கோப்புகளை அழிக்கும் ஆர்எம் என்னும் கட்டளை, தானாக உறுதி கேட்பதில்லை; அழித்தவற்றைக் குப்பைக்கூடையில் இட்டு வைப்பதும் இல்லை. ஒரே கட்டளை ஓரிடத்தில் பயனற்ற பழைய பிரதிகளை நீக்கும். வேறிடத்தில் மூலப்பிரதியையே நீக்கும். கட்டளை ஒன்றே, நிற்கும் இடம் வேறு. வெள்ளறடையிலும் குன்னத்துக்காலிலும் வீடு வீடாக நடந்து சேகரித்த கணக்கு ஒரு கோப்பில் இருக்குமாயின், அக்கோப்பின் அழிவு பல நாள் நடையின் அழிவாகும்.

இவ்வரிகளை எழுதுபவன் இதனைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முன்னொரு சமயம், மேசைக் கணிப்பொறிக்கு ஒரு சாளரமும் அலுவலகத்தின் பொதுச் சேமிப்புப் பொறிக்கு மற்றொரு சாளரமுமாகத் திறந்து வைத்து, கலைச்சொற் பட்டியல் ஒன்றைச் சீர்செய்துகொண்டிருந்தான். இரு பொறிகளிலும் அடைவின் பெயர் ஒன்றே; இரு சாளரங்களும் கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்துகளே. மேசைப் பொறியிலுள்ள பழைய பிரதியை நீக்குவதாக எண்ணி இட்ட கட்டளை, பொதுப் பொறியில் விழுந்தது. அங்குத் தூண்டுகுறி அந்தப் பொறியின் பெயரைச் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது. காட்டியது உண்மை, கண் அதைப் படிக்கவில்லை. ஒரு நாளில் நூறு முறை காணும் எழுத்தை மனம் படிப்பதை விட்டுவிடுகிறது. மூன்று வார உழைப்பில் சேர்ந்த சொற்களில் ஒரு பகுதி கைக்குறிப்புகளிலிருந்து மீண்டது; எஞ்சியது மீளவில்லை. தூண்டுகுறிக்கு நிறமூட்ட வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த காரணத்தை நான் அறியேன்.

நிறம் எவ்வாறு உண்டாகிறது?

தொடக்க காலத்தில் யூனிக்ஸுடன் பேசிய உபகரணம் திரையன்று. தாளில் அச்சிடும் தொலைத்தட்டச்சுப் பொறியே. நம் அலுவலகங்களில் கறுப்பும் சிவப்புமாக இரு நிற நாடா பூட்டிய தட்டச்சுப் பொறிகள் இருந்ததை மூத்த ஊழியர்கள் நினைவுகூர்வர். நெம்புகோல் ஒன்றைச் சற்று நகர்த்தினால், அடுத்து விழும் எழுத்துகள் சிவப்பாக விழும். மீண்டும் நகர்த்தும்வரை சிவப்பாகவே விழுந்துகொண்டிருக்கும். இன்றைய கணிப்பொறித் திரையில் நிறம் மாறும் முறையும் கருத்தளவில் அதுவே. வேறுபாடு யாதெனில், இங்கு நெம்புகோலை நகர்த்துவது கை அன்று. எழுத்துகளோடு எழுத்துகளாக அனுப்பப்படும் ஒரு மறைகுறியே அதைச் செய்கிறது.

அம்மறைகுறி எஸ்கேப் என்னும் சிறப்பு எழுத்தில் தொடங்குகிறது. கணிப்பொறியின் எழுத்து வரிசையில் அதன் எண் 27. யூனிக்ஸ் மரபில் இதனை எட்டடிமான முறையில் 033 என்று எழுதுவர். மூன்று எட்டுகளும் ஒரு மூன்றும் சேர்ந்து இருபத்தேழாவதை மாணவர்க்குக் கணக்காகக் கொடுக்கலாம். எஸ்கேப் எழுத்தைக் கண்டவுடன் திரை, "இனி வருவது அச்சிடுதற்கு அன்று; எனக்கு இடப்படும் ஆணை" எனக் கொள்கிறது. அதனையடுத்து ஒரு சதுர அடைப்புக்குறியின் திறப்பு, பின் ஓர் எண், இறுதியில் சிறிய "எம்" எழுத்து. இவ்வளவே. எண் 31 ஆனால் சிவப்பு. 32 ஆனால் பச்சை. 0 ஆனால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

இம்முறை ஐரோப்பியக் கணிப்பொறி உற்பத்தியாளர் சங்கத்தின் 48-ஆம் தரநிர்ணயமாக 1976-இல் முதலில் வெளிவந்த ஆணைத்தொகுதியைச் சார்ந்தது. அமெரிக்கத் தேசியத் தரமாக 1979-இல் ஏற்கப்பட்டது. இவ்வகை ஆணைகளை உலகெங்கும் பரப்பிய விடி100 என்னும் திரைமுனையம் 1978-இல் வெளிவந்தது. அதில் நிறமே கிடையாது என்பது ஒரு வேடிக்கை. தடித்த எழுத்து, அடிக்கோடு, மினுக்கல், கறுப்பு வெள்ளை தலைகீழாதல் ஆகியவையே அதன் ஜாலங்கள். அவற்றிற்குரிய எண்கள் முறையே 1, 4, 5, 7. அவை இன்றும் செல்லுபடியாகின்றன.

எழுத்தின் நிறங்களுக்கு 30 முதல் 37 வரையும், பின்புலத்தின் நிறங்களுக்கு 40 முதல் 47 வரையும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. கடைசி இலக்கமே நிறத்தைக் குறிப்பது. 0 கறுப்பு, 1 சிவப்பு, 2 பச்சை, 3 மஞ்சள், 4 நீலம், 5 செந்நீலம், 6 பசுநீலம், 7 வெள்ளை. முதற்பார்வைக்கு இவ்வரிசை தோன்றியபடி எழுதியதாகத் தெரியும். ஆனால் ஆசிரியர்கள் இங்குச் சற்று நின்று நோக்குதல் நன்று. வகுப்பிற்கு உதவும் பாடம் ஒன்று இதில் உள்ளது.

சிவப்புக்கு 1, பச்சைக்கு 2, நீலத்திற்கு 4 என மூன்று மூல ஒளிகளுக்கும் மதிப்பிடுக. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் 3, அது மஞ்சள். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் 5, அது செந்நீலம். பச்சையும் நீலமும் சேர்ந்தால் 6, அது பசுநீலம். மூன்றும் சேர்ந்தால் 7, அது வெள்ளை. எதுவும் இல்லையெனில் 0. அது இருள், அதாவது கறுப்பு. ஒவ்வொரு நிற எண்ணும் மூன்று விளக்குகளின் எரிதல் அணைதலைக் குறிக்கும் ஈரடிமான எண்ணாக அமைந்துள்ளது. சிவப்பையும் பச்சையையும் கலந்தால் மஞ்சள் வருமென்பதை மாணவர்கள் உடனே ஏற்கமாட்டார்கள். வர்ணப்பெட்டியில் அவ்விரண்டையும் கலந்து சேற்றுநிறம் கண்டவர்கள் அவர்கள். சாயங்களின் கலப்பு வேறு, ஒளிகளின் கலப்பு வேறு என்பதை விளக்க இதைவிட நல்ல தருணம் வாய்ப்பதரிது. இரு கைவிளக்குகளின் முகத்தில் சிவப்பு, பச்சைக் கண்ணாடித் தாள்களைக் கட்டி, இருட்டறையில் வெள்ளைச் சுவரின் மேல் ஒளிகளை ஒன்றன்மேல் ஒன்று விழச் செய்தால் ஐயம் நீங்கும். மூன்று மூல ஒளிகளைக் கொண்டு நிறப்படம் ஒன்றை மாக்ஸ்வெல் திரையிட்டுக் காட்டியது 1861-இல். நம் திரைகள் யாவும் அவ்வழியே இயங்குகின்றன.

எட்டு நிறங்கள் போதாதென்று பின்னர் 256 நிறங்கள் சேர்க்கப்பட்டன. அடிப்படை 16, மூன்று மூல ஒளிகளுக்கும் தலைக்கு ஆறு படிகள் வீதம் 216, சாம்பல் வகை 24 என அக்கூட்டுத்தொகை அமைகிறது. மூல ஒளி ஒவ்வொன்றிற்கும் 256 படிகள் கொடுத்து 1,67,77,216 நிறங்கள் காட்டவல்ல முனையங்களும் உள்ளன. தூண்டுகுறிக்கு அவை வேண்டுவதில்லை. ஊரில் மூன்று விளக்குகளே போக்குவரத்தைக் காக்கின்றன.

செய்முறை

பாஷ் சாளரத்தில் பிஎஸ்1 என்று பெரிய எழுத்துகளில் தட்டச்சிட்டு, இடைவெளி விடாமல் சமக்குறியிட்டு, ஒற்றை மேற்கோள்குறியைத் திறக்க. அதனுள் எழுத வேண்டியவை வரிசைப்படி பின்வருமாறு. முதலில் பின்சாய்கோடும் சதுர அடைப்பின் திறப்பும். அடுத்து மறைகுறி: பின்சாய்கோடு, 033, சதுர அடைப்பின் திறப்பு, 31, சிறிய "எம்". அடுத்துப் பின்சாய்கோடும் சதுர அடைப்பின் மூடலும். அதன்பின் தோன்ற வேண்டிய செய்திகள்: பின்சாய்கோடும் சிறிய "யூ"வும் பயனர் பெயரைத் தரும், பின்சாய்கோடும் சிறிய "எச்"சும் பொறியின் பெயரைத் தரும், பின்சாய்கோடும் சிறிய "டபிள்யூ"வும் அடைவைத் தரும், பின்சாய்கோடும் டாலர் குறியும் சாதாரணப் பயனருக்கு டாலராகவும் நிர்வாகிக்கு எண்குறியாகவும் தாமே மாறி நிற்கும். இவற்றிற்கிடையே முக்காற்புள்ளியோ வேறு பிரிப்புக்குறியோ விருப்பம்போல் இடலாம். ஓர் இடைவெளி விட்டு, முன்போலவே ஒரு மறைகுறியை, 31-க்குப் பதிலாக 0 வைத்து, அதே பின்சாய்கோட்டு அடைப்புகளுக்குள் இடுக. மேற்கோளை மூடி உள்ளிடு விசையை அழுத்துக. தூண்டுகுறி சிவப்பாகும்.

ஒற்றை மேற்கோளே இடவேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. இரட்டை மேற்கோளுக்குள் பின்சாய்கோடும் டாலரும் சேர்ந்து வெறும் டாலராகச் சுருங்கிவிடும். பிறகு நிர்வாகியாக நுழைந்தாலும் எண்குறி தோன்றாது. எச்சரிக்கைக்காகச் செய்த ஏற்பாடு எச்சரிக்கையையே அழித்ததாகும்.

இறுதியிலுள்ள 0 மறந்துபோகுமாயின், தூண்டுகுறியோடு நில்லாமல் நாம் தட்டச்சிடுவதும், விடையாக வருவதும் சிவப்பாகவே வரும். நெம்புகோலை மீண்டும் நகர்த்த மறந்த தட்டச்சாளரின் நிலை அது.

இவ்வாறு இட்ட நிறம் அச்சாளரத்தை மூடியதும் மறையும். ஆகவே அஞ்சாமல் சோதித்துப் பார்க்கலாம். நிலைபெறச் செய்ய வேண்டுமாயின், பயனரின் இல்ல அடைவிலுள்ள, புள்ளியில் தொடங்கும் பாஷ்ஆர்சி என்னும் கோப்பின் இறுதியில் அதே வரியைச் சேர்க்க வேண்டும். புள்ளியில் தொடங்கும் கோப்புகள் சாதாரணப் பட்டியலில் தோன்றா. திருத்துமுன் அதற்கொரு பிரதி எடுத்து வைத்தல் அவசியம். ஆய்வுக்கூடத்தில் புதிதாக உண்டாக்கப்படும் பயனர் கணக்குகள் யாவும், இடிசி அடைவிற்குள் உள்ள ஸ்கெல் என்னும் உள்ளடைவிலிருந்து தம் முதற்கோப்புகளைப் பெறுகின்றன. எனவே அங்குள்ள மாதிரிக் கோப்பைத் திருத்தினால், அடுத்த ஆண்டு சேரும் மாணவர்க்குத் தனித்தனியே செய்ய வேண்டுவதில்லை.

உபுண்டு வகைப் பொறிகளில் சாதாரணப் பயனரின் தூண்டுகுறி, யாரும் கேளாமலே, பச்சையும் நீலமுமாக வருகிறது. நிர்வாகியின் தூண்டுகுறியோ பெரும்பாலும் நிறமற்று வருகிறது. அபாயமற்ற இடத்தில் விளக்கும், அபாயமான இடத்தில் இருளுமாக இருப்பது முறையன்று என்பது என் கருத்து. ஆகையால் நிர்வாகியின் இல்ல அடைவிலுள்ள பாஷ்ஆர்சி கோப்பிலும் தனியாக வரி சேர்த்துச் சிவப்பூட்டுக.

தொலைவிலுள்ள பொறியினுள் வலைவழி நுழையும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. அப்போது காணும் தூண்டுகுறி நம் மேசைப் பொறியினுடையது அன்று. தொலைவிலுள்ள பொறி தன் கோப்பைப் படித்து அனுப்புவது. நம் பொறியில் எத்துணை நிறமூட்டினாலும் அங்கு அது செல்லாது. பொதுச் சேமிப்புப் பொறிக்கு எச்சரிக்கை வேண்டுமாயின் அப்பொறியிலேயே வரி சேர்க்க வேண்டும். அங்கு 31-க்குப் பதிலாக 37, 41 ஆகிய இரண்டையும் அரைப்புள்ளியால் பிரித்து இட்டால், சிவப்புப் பட்டையின் மேல் வெள்ளை எழுத்தாகத் தோன்றும். நான் என் பிழைக்குப் பின் செய்தது இதுவே.

கண்ணுக்குப் புலப்படாத ஒரு பிழை

மேலே பின்சாய்கோட்டுடன் கூடிய சதுர அடைப்புகள் மறைகுறியின் இருபுறமும் எதற்காக என்பதைக் கூறாது விட்டோம். அவை இல்லாவிடினும் நிறம் தோன்றும். ஆகவே பலர் அவற்றை விட்டுவிடுகின்றனர். தீங்கு பின்னரே தெரியவருகிறது.

நாம் தட்டச்சிடும் வரி திரையின் விளிம்பை எப்போது எட்டும் என்பதை ஷெல் எண்ணிக்கொண்டே இருக்கிறது. திரையின் அகலம் வழக்கமாக 80 எழுத்துகள். 1928-இல் வெளிவந்த ஐபிஎம் துளையட்டையின் 80 பத்திகளிலிருந்து வழிவந்த அளவு அது. தூண்டுகுறியில் கண்ணுக்குத் தெரிபவை 20 எழுத்துகள் எனக் கொள்வோம். எஞ்சிய இடம் 60. ஆனால் 31-க்குரிய மறைகுறியில் 5 எழுத்துகளும், 0-க்குரியதில் 4 எழுத்துகளும் உள்ளன. இவை திரையில் இடம்பிடிப்பதில்லை என்பது ஷெல்லுக்குத் தெரியாவிடில், தூண்டுகுறியின் நீளம் 29 என்றும், எஞ்சிய இடம் 51 என்றும் அது தப்புக்கணக்கிடும். சிறு கட்டளைகளில் இது வெளிப்படாது. நீண்ட கட்டளையில், எழுத்துகள் அடுத்த வரிக்குச் செல்லாமல் அதே வரியின் தொடக்கத்திற்குத் திரும்பி, முன் எழுதியவற்றின் மேலேயே எழுதும். மேலம்பு விசையால் பழைய கட்டளைகளைத் திரும்ப அழைக்கும்போது, முந்திய கட்டளையின் எச்சம் திரையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதன் விளைவைச் சிந்தித்துப் பார்க்க. கண் காணும் கட்டளை வேறு. உள்ளிடு விசையை அழுத்தியதும் நிறைவேறும் கட்டளை வேறு. திரையில் ஒரு கோப்பின் பெயர் தெரிய, பொறி வேறொன்றை அழிக்கக்கூடும். நிறமே இல்லாத தூண்டுகுறி, பொய் கூறும் தூண்டுகுறியை விட ஆயிரம் மடங்கு மேல். பின்சாய்கோட்டு அடைப்புகள் இரண்டும், "இவற்றிற்கிடையே உள்ளதை எண்ணாதே" என ஷெல்லுக்குச் சொல்லும் குறிகளாம். அவற்றை மறைகுறிக்கு மட்டுமே இடவேண்டும். தெரியும் எழுத்துகளையும் உள்ளடக்கிவிட்டால் கணக்கு எதிர்ப்பக்கமாகப் பிழைக்கும்.

தூண்டுகுறியில் தமிழெழுத்துகளை இடலாமா என வினவுவோர் உண்டு. இடலாம், ஆனால் இதே இடர் வேறு உருவில் வரும். இம்முனையங்கள் எழுத்தொன்றுக்குச் சமமான ஒரு கட்டம் என்னும் கொள்கையில் பிறந்தவை. நம் மெய்யும், கொம்பும் காலும் ஏறிய உயிர்மெய்யும் அக்கட்டத்திற்குள் ஒரே அகலத்தில் அடங்குவதில்லை. முனையம் எண்ணும் அகலமும் எழுத்துரு வரையும் அகலமும் மாறுபடும். இதனாலும் எல்லைப்புற வகுப்பறைக்குத் தமிழிலோ மலையாளத்திலோ எழுதிய எச்சரிக்கையைவிட நிறமே தக்கது.

எந்நிறத்தை எங்கு வைப்பது?

31 என்பது சிவப்பு என்னும் பெயரேயன்றிக் குறித்த ஓர் ஒளியளவு அன்று. எந்தச் சிவப்பு என்பதை முனையமே முடிவுசெய்கிறது. சாளரமற்ற பழைய லினக்ஸ் திரையில் 33-ஐக் கேட்டால் மஞ்சளுக்குப் பதில் காவி கலந்த பழுப்பு வருவதைக் காணலாம். நீலமாகிய 34, கறுப்புப் பின்புலத்தில் மிக மங்கலானது. நம் விழித்திரையின் நடுப்பகுதியில் நீல ஒளியை உணரும் கூம்பணுக்கள் மிகக் குறைவு. நுண்ணிய நீல எழுத்தைக் கூர்ந்து காண்பது அதனால் கடினம். வகுப்பறையில் ஒளிப்படப் பெருக்கி வழியே காட்டும்போது, சன்னல் வெளிச்சத்தில் அது கடைசிப் பலகைக்கு அறவே தெரியாது. வெள்ளைப் பின்புலமாயின் மஞ்சளுக்கு அதே கதி.

நிறக்குருடு பற்றி இங்கு ஒரு சொல் கூற வேண்டும். ஜான் டால்டன் தம் கண்ணின் இக்குறைபாட்டை 1794-இல் ஆராய்ந்து விவரித்தார். 1875-இல் சுவீடனில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரு ரயில் வண்டிகள் மோதியபோது, ஊழியர் ஒருவரின் நிறக்குருடு காரணமோ என்னும் ஐயம் எழுந்தது. ஹோல்ம்கிரென் என்னும் பேராசிரியர் நிறக் கம்பளி நூல்களைக் கொண்டு ஊழியரைச் சோதிக்கும் முறையைப் பரப்பியது அதன் பின்னரே. ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் நூற்றுவரில் ஏறத்தாழ எண்மர் சிவப்பையும் பச்சையையும் செவ்வனே வேறுபடுத்த இயலாதவர்; நம் நாட்டில் விகிதம் அதனினும் குறைவெனினும், பெரிய வகுப்பொன்றில் அத்தகைய மாணவர் ஒருவரேனும் இருக்கக்கூடும். அவர் தம் குறையைத் தாமே அறியாதிருப்பதும் உண்டு. ஆதலின் நிறத்தை மட்டும் நம்புதல் தகாது. சாலை விளக்கில் சிவப்பு மேலும் பச்சை கீழும் இருப்பது போல, தூண்டுகுறியிலும் நிறத்தோடு வடிவமும் வேறுபட வேண்டும். எண்குறியும் டாலரும் இருப்பது அதற்கே. அவற்றை நீக்கி அழகுசெய்தல் வேண்டா. நிர்வாகிக்கு 7 என்னும் தலைகீழாக்கும் எண்ணையும் சேர்த்துவிட்டால், நிறம் தெரியாதவருக்கும் பட்டை தெரியும்.

நிறங்கள் மிகுந்தாலும் பயன் குன்றும். பயனர் பெயர் ஒரு நிறம், பொறி ஒரு நிறம், அடைவு ஒரு நிறம், மணி ஒரு நிறம் என வானவில்லாக அமைத்தால், சில நாட்களில் கண் அதற்கும் பழகி, எதையும் காணாதாகிவிடும். சாதாரண வேலைக்கு அடக்கமான ஒரு நிறமும், அபாயமான இடங்களுக்கு மட்டும் சிவப்பும் போதும். சிவப்பு அரிதாகத் தோன்றினால்தான் அது சிவப்பாக இருக்கும்.

அமைத்து முடித்ததும், விளிம்பைத் தாண்டுமளவுக்கு ஏதேனும் ஒரு நீண்ட வரியைத் தட்டச்சிட்டு, அது ஒழுங்காக அடுத்த வரிக்கு இறங்குகிறதா எனப் பார்க்க. இறங்கினால் அடைப்புகள் சரி. பின்னர் உள்ளிடு விசையை அழுத்தாமல், கண்ட்ரோல் விசையோடு "சி" எழுத்தை அழுத்தி அவ்வரியை விட்டுவிடுக.